பூனைத் தீனியும் காமாக் கதிரும்

பூனைக்குத் தீனி போடுவதும் ஓர் ஆராய்ச்சிப் பொருளா என்று தோழர்கள் நகைக்கக்கூடும். சங்க இதழுக்குக் கட்டுரை கேட்டால் அணுவைப் பற்றியோ வானவெளியைப் பற்றியோ எழுதாமல், அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பிராணியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்றும் சொல்லக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். இந்தக் கதையில் அணுவும் வருகிறது. அரசாங்கச் சட்டமும் வருகிறது. நோய்க்குக் காரணம் ஏற்கெனவே அச்சில் வந்திருந்தும் அதைப் பார்க்க வேண்டியவர்கள் பாராதிருந்த வருத்தமான செய்தியும் வருகிறது.

திருப்பதிக் கடைத்தெருவில் இன்று வளர்ப்புப் பிராணிகளின் தீனியை விற்கும் கடைகள் பல. பைகளைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் தாய்லாந்து என்றிருக்கும். விலை கூடிய சிலவற்றில் ஐரோப்பிய நாட்டுப் பெயர்களும் உண்டு. குடியாத்தத்திலிருந்து பிழைப்பை நாடிச் சித்தூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் பாட்டி காலத்தில் பூனைக்கென்று தனிச் சமையல் கிடையாது. மோர்ச் சோறும், மீன் வாங்குகிற நாளில் மீன் தலையும், மற்றபடி அதன் சாமர்த்தியத்துக்கு அகப்பட்ட எலியுமே அதன் ஆகாரம். இன்று என் தங்கை பையிலிருந்து உருண்டைகளை அளந்து போடுகிறாள். காலையிலும் அதுவே, மாலையிலும் அதுவே. இது பத்திரமான சரக்குத்தானா என்று ஒரு கடைக்காரரைக் கேட்டேன். “பாரின் சரக்கு தம்பி, எல்லாம் சுத்தம் பண்ணித்தான் கப்பல்லே ஏத்துவாங்க” என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சுத்தம் எப்படிச் செய்யப்படுகிறது? யாருடைய நன்மைக்காகச் செய்யப்படுகிறது? இவ்விரண்டும் தெரியாமல் ‘சுத்தம்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு நாடு இன்னொரு நாட்டிலிருந்து வரும் இறைச்சித் தீனியைக் கண்டு அஞ்சுவது தன் பூனைகளுக்காகவன்று. தன் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமாகத்தான். தீனியில் எலும்புத் தூளும் ஈரலும் கோழியிறைச்சியும் உண்டு. அவற்றோடு கோமாரி நோயின் கிருமியோ, பறவைக் காய்ச்சலின் கிருமியோ, அடைப்பான் நோயின் வித்துக்களோ உடன் வந்துவிட்டால் என்செய்வது? இது வீண் பயமன்று. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி, வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டதிலிருந்து கிளம்பியதாகக் கருதப்படுகிறது. அதை அடக்குவதற்குள் ஏறக்குறைய 60 இலட்சம் கால்நடைகளைக் கொல்லவேண்டி வந்தது. ஆஸ்திரேலியாவிலோ 1872க்குப் பிறகு கோமாரி தலைகாட்டியதே இல்லை. அந்நாட்டார் துறைமுகத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பதில் வியப்பென்ன?

நமக்கும் காப்பாற்ற வேண்டியது உண்டு. சித்தூர்ப் பக்கத்துக் குடியானவர் பலருக்கு மழை பொய்த்த ஆண்டில் கஞ்சி வார்ப்பது கறவை மாடுதான். பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர் மாட்டைத் தோழர்கள் பலர் படத்திலாவது பார்த்திருப்பர். மூன்றடி உயரத்தை ஒட்டி நிற்கும் அந்தக் குள்ள மாடு அழிவின் விளிம்புக்குப் போய்வந்த இனம்; பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வளர்க்கிறது. இப்படிப்பட்ட ஒரு சிறு மந்தையில் புதிய நோய் ஒன்று புகுந்தால் போனது போனதுதான். நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2001இல் அதைத் திருத்தி, உயிருள்ள கால்நடை மட்டுமின்றி அவற்றிலிருந்து செய்த பொருள்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பிராணிப் பொருள் கலந்த தீனியை இறக்குமதி செய்பவர் முன்னதாக மத்திய அரசின் சுகாதார அனுமதி பெறவேண்டும். அனுப்பும் நாட்டின் அரசாங்கக் கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். நமக்கு அண்மையில், சென்னைப் பள்ளிக்கரணையில், இதற்கான தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கிறது.

ஆகவே சுத்தம் என்பது மந்தைக்காகச் செய்யப்படும் காவல். தீனியைத் தின்னும் பூனை அந்தக் கணக்கில் நேரே வருவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வருவது எளிதில் விளங்கும்.

இனி, செய்யும் விதம். பழைய வழி சூடு. உருண்டைத் தீனியை மாவாகப் பிசைந்து, அழுத்தத்தோடு 100 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் துளை வழியே பிதுக்கித் தள்ளுகிறார்கள். ஏறக்குறைய நம் முறுக்கு அச்சின் வேலைதான். டப்பாவில் அடைத்ததை நெடுநேரம் வேகவைக்கிறார்கள். சூடு கிருமியைக் கொல்லும். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமினையும் குறைக்கும். தீனி செய்வோர் இதையறிந்து மேலும் சேர்த்து ஈடு செய்வது வழக்கம். ஆனால் ஈடு செய்யவேண்டும் என்று தெரிந்த பொருளைத்தானே ஈடு செய்ய முடியும்? 1987இல் கலிபோர்னியாவில் பால் பயன் என்பவரும் அவர் கூட்டாளிகளும், இருதயம் வீங்கித் தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளைச் சோதித்தார்கள். அவற்றின் இரத்தத்தில் டாரின் என்னும் பொருள் மிகக் குறைந்திருந்தது. அவை தின்றதோ கடையில் விற்ற நல்ல தீனி. நாய்க்குப் பெரும்பாலும் டாரினைத் தானே செய்துகொள்ள முடியும்; பூனைக்கு வேண்டிய அளவு முடியாது. டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகளின் இருதயம் தேறியது. அதன் பிறகே உலகெங்கும் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டினார்கள்.

பூனையின் உடம்பு விசித்திரமானது. காரட்டின் மஞ்சள் நிறப் பொருளிலிருந்து நாமும் நாயும் எலியும் ஏ வைட்டமின் செய்துகொள்வோம், பூனையால் இயலாது. ஈரலிலும் கொழுப்பிலும் ஆயத்தமாக உள்ள ஏ வைட்டமினே அதற்கு வேண்டும். சுத்த மாமிச பட்சணியாகவே ஆகிவிட்ட பிராணியாதலால், செய்துகொள்ளும் வித்தைகள் சிலவற்றை அது விட்டுவிட்டது போலும்.

நிற்க. இரண்டாவது வழி கதிர். கோபால்ட் 60 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து காமாக் கதிர்கள் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வெளிப்படுகின்றன. மூட்டைகளை அந்தக் கதிரின் முன்னே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். இந்த ஆற்றல் தீனியின் அணுக்கருவைக் கலைத்துக் கதிரியக்கம் உண்டாக்கப் போதாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவன் வீட்டுக்குப் போய்க் கதிர் வீசுவதில்லை அன்றோ? அதுபோலத்தான். “கதிர் பட்ட உணவில் கதிர் இருக்கும்” என்று நம் விடுதிச் சாப்பாட்டு அறையிலேயே நான் கேட்டதுண்டு. விஞ்ஞான மாணவர் வாயில் வரத்தகாத பேச்சு அது.

எல்லாம் அளவில் இருக்கிறது. ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் அடங்கினால் அது 1 கிரே; ஆயிரம் கிரே 1 கிலோகிரே. மனிதன் உடம்பு முழுவதிலும் ஒரே தடவையில் 4 அல்லது 5 கிரே பட்டுச் சிகிச்சையும் இல்லையென்றால் உயிர் பிழைப்பது பாதிக்குப் பாதி. மாம்பழத்துக்கு எவ்வளவு தெரியுமா? 2007இல் இந்திய மாம்பழம் மறுபடி அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியபோது, மராட்டியத்து லாசல்காவ்ன் நிலையத்தில் அதற்குக் கொடுத்தது குறைந்தது 400 கிரே, அதாவது 0.4 கிலோகிரே. கொட்டை வண்டும் பழ ஈயும் மேற்கொண்டு இனம் பெருக்காமலிருக்க அது போதும். மாங்கூழுக்குப் பேர்போன சித்தூர்க்காரன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். மிளகாய்த் தூள் முதலிய மசாலாச் சரக்குகளில் கிருமியைப் போக்க நம் நாட்டில் 6 முதல் 14 கிலோகிரே வரை அனுமதி உண்டு. 1980இல் மூன்று உலக நிறுவனங்களின் கூட்டு நிபுணர் குழு, 10 கிலோகிரே வரை எந்த உணவிலும் நச்சுத் தீங்கில்லை என்று தீர்ப்புச் சொல்லியது.

ஆஸ்திரேலியத் துறைமுகத்தில், போதிய சூடு காட்டாமல் வந்த தீனிக்கு விதித்த அளவு 50 கிலோகிரே! மாம்பழத்தைப் போல் 125 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், இத்தனை கதிரும் ஒரு கிலோ தண்ணீரை 12 பாகைதான் சூடாக்கும். காப்பிக்கு வெந்நீர் போடக்கூட உதவாது. தீனியைத் தொட்டுப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. கதிர் மூலக்கூறுகளை உடைத்துத் துண்டு துண்டான தீவிர மூலிகளை உண்டாக்குகிறது. அவை கொழுப்பின் சங்கிலியைப் பற்றி, பக்கத்திலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக்கொண்டு, பெராக்சைடுகளைப் பிறப்பிக்கின்றன. ஏ, ஈ, பி1 வைட்டமின்கள் இதில் அடிபடுகின்றன. கொழுப்பு மிகுந்த உலர்ந்த உருண்டையில் இவ்வேலைக்கு இடம் அதிகம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கனடாவில் சாம்பியன் பெட்ஃபுட்ஸ் என்னும் கம்பெனி ‘ஓரிஜென்’ என்ற உயர்ந்த ரகத் தீனியைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பி வந்தது. குறைந்த சூட்டில் பதமாகச் செய்வது அதன் பெருமை. அந்தப் பெருமையே ஆஸ்திரேலியாவில் வினையாயிற்று. விதித்த சூட்டை எட்டாத சரக்கு என்பதால் அதைக் கதிருக்கு உட்படுத்தினார்கள். 2008இல் அங்கே பூனைகளுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. குடிகாரன் நடைபோல ஆடி, பிறகு இழுத்து, சிலவற்றுக்கு முற்றும் முடங்கிப் போயிற்று. காய்ச்சல் இல்லை, காயமில்லை. சிட்னியில் நரம்பு நோய் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஜார்ஜினா சைல்டும் மற்றவர்களும் ஒவ்வொரு பூனையின் சோற்றுத் தட்டையும் விசாரித்தபோது எல்லா வழியும் ஒரே பையில் போய் முடிந்தது. நவம்பர் 2008இல் கம்பெனி அந்தப் பூனைத் தீனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எண்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் பாதிக்கப்பட்டன. பல இறந்தன, அல்லது வேதனை தாங்காமல் கருணையோடு கொல்லப்பட்டன.

துப்பறியும் கதைகளில் வருவதுபோல் இங்கும் ஒரு சாட்சி பேசியது. அதே அடுப்பில் வெந்த அதே தீனி வேறு நாடுகளில் கதிர் படாமல் விற்றது. அங்கே ஒரு பூனையும் இவ்வாறு தள்ளாடவில்லை. குற்றம் சரக்கில் இல்லை. சரக்குக்குச் செய்த காவலில் இருந்தது. 2009 மே மாத இறுதியில் ஆஸ்திரேலிய அரசு பூனைத் தீனிக்குக் கதிர் காட்டுவதை நிறுத்தியது.

என்னை உறுத்துவது இனிச் சொல்லப்போவதுதான். அயர்லாந்தில் ஆராய்ச்சிக்காகக் கிருமித் தொடர்பின்றி வளர்த்த பூனைகளுக்குக் கதிர் பட்ட உலர்தீனியையே போட்டு வந்தார்கள். அவற்றுக்கும் இதே தள்ளாட்டம் வந்தது. மூளையிலும் முதுகுத்தண்டு வடத்திலும் நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைந்திருந்தது. இச்செய்தி 2007இலேயே கால்நடை நோயியல் ஏடு ஒன்றில் அச்சேறியது. பின்னர் கதிர் பட்டதையும் படாததையும் வேறு வேறு பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டதைத் தின்றவற்றுக்கே நோய். அந்தத் தீனியில் ஏ வைட்டமின் குறைந்தும் பெராக்சைடு கூடியும் இருந்தன. ஆக, சிட்னியில் பூனைகள் விழுவதற்கு ஓராண்டு முன்பே பதில் நூலக அலமாரியில் இருந்தது! துறைமுக விதியை எழுதியவர்கள் மாட்டு நோயைப் பற்றிய ஏடுகளைப் படித்தார்கள். பூனை நரம்பைப் பற்றிய ஏட்டைப் படிப்பது யாருடைய உத்தியோகமும் அன்று.

ஏ வைட்டமின் குறைந்ததா காரணம், பெராக்சைடு மிகுந்ததா என்ற வழக்கு விஞ்ஞானத்தில் இன்னும் தீரவில்லை. சோதனைச்சாலை எலிகளுக்குக் கடுங்கதிர் பட்ட தீனியை நெடுங்காலமாகப் போடுகிறார்கள். அவற்றுக்கு இந்நோய் இல்லை. ஆஸ்திரேலியாவில் நாய்களும் தப்பின. நாயும் பூனையும் வீட்டுப் பிராணிகள் என்று ஒரே வரிசையில் எழுதுவது நம் கண்ணுக்குச் சரி. ஈரலுக்கும் நரம்புக்கும் அது செல்லாது. இன்னொரு காரணமும் உண்டு. மாம்பழத்தையும் மிளகாய்த் தூளையும் நாம் பல உணவோடு ஒன்றாகத் தின்கிறோம். பையில் வரும் தீனியோ பூனைக்கு முழு ஆகாரம். அதில் ஒன்று குறைந்தால் ஆயுள் முழுதும் குறைவு. பாட்டி காலத்துப் பூனைக்கு மோர்ச் சோற்றில் குறைந்ததை எலி ஈடு செய்தது!

இருளில் ஒரு வெளிச்சமும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இயான் டங்கனும் கூட்டாளிகளும், கதிர் பட்ட தீனியால் முடங்கிய பூனைகளுக்கு மறுபடி சாதாரணத் தீனி கொடுத்தபோது, அவை மெல்ல மெல்லத் தேறி நடந்ததைக் கண்டார்கள். நரம்புகளைச் சுற்றிப் புதிய உறை வளர்ந்திருந்தது. பழையதைவிட மெல்லியது, ஆனால் வேலை செய்தது. உறை மீண்டும் வளர்ந்தால் இழந்த நடையும் திரும்பும் என்பதற்கு 2009இல் வெளியான அவ்வாராய்ச்சி ஒரு வலிய சான்றாயிற்று. மையலின் உறை சிதைவதால் மனிதருக்கு வரும் நோய்களுக்கு மருந்து தேடுவோர் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

சூடோ கதிரோ எதுவானாலும் அது கிருமிக்குத்தான் பதில், கலப்படத்துக்குப் பதிலாகாது. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்னும் கம்பெனி 6 கோடிக்கு மேற்பட்ட தீனி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ரசாயன மாணவருக்கு இதன் சூழ்ச்சி உடனே விளங்கும். 1883இல் ஜெல்டால் வகுத்த முறையில் நாம் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறோம். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதம்போல வேடம் போடும். உடன் இருந்த சயனூரிக் அமிலத்தோடு அது கூடிச் சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து பிராணிகளைக் கொன்றது. மறு ஆண்டே சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் வெளிப்பட்டது. ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் மாண்டன. நம் அரசு 2008 செப்டம்பரில் சீனப் பாலுக்கும் பால் பொருள்களுக்கும் தடை விதித்தது. பூனைக்கு வந்தது பூனையோடு போகும் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பதிலடி.

நம் நாட்டு நிலை என்ன? மனித உணவுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் ‘உணவு’ என்பதன் பொருளை வகுக்கும்போதே பிராணித் தீனியை விலக்கிவிடுகிறது. கதிரைப் பொறுத்தமட்டில் அணுசக்தித் துறையின் 2012ஆம் ஆண்டு விதிகளில் பிராணித் தீனிக்கும் இடமுண்டு. கிருமி நீக்க அங்கே வகுத்திருப்பது 5 முதல் 10 கிலோகிரே. ஆஸ்திரேலியாவின் 50ஐ நினைத்தால் இது அடக்கமான அளவே. இருப்பினும் அது இங்கே கதிர் காட்டுவதற்கான விதி. வெளிநாட்டில் என்ன செய்து அனுப்பினார்கள் என்பது அனுமதிச் சான்றோடு துறைமுகத்துக் கோப்பில் தங்கிவிடுகிறது. நான் கடையில் திருப்பிப் பார்த்த பைகளில் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை என்றிருந்தது. சூடா, கதிரா என்ற வார்த்தை ஒன்றிலும் இல்லை. ஆஸ்திரேலியத் தரநிர்ணயப்படி, கதிர் பட்ட நாய்த் தீனியில் ‘பூனைக்குப் போடலாகாது’ என்று அச்சிடவேண்டும். ஒரே வரி. அந்த வரியை இங்கே கேட்பதற்குப் பெரிய செலவும் இல்லை, புதிய ஆராய்ச்சியும் வேண்டாம். திருப்பதியிலேயே 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள நம் தமிழ்த் தோழர்கள் இதை எடுத்துப் பேசினால் எங்களைவிட அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

அதுவரை வீட்டில் பூனை வளர்ப்போருக்குச் சில வார்த்தைகள். நாய்த் தீனியைப் பூனைக்கு நிரந்தரமாகப் போடவேண்டாம், டாரின் போதாது. ஒரே பையை ஆண்டுக்கணக்கில் நம்பாமல், இடையிடையே வேறு செய்நேர்த்தியுள்ள தீனியும், வேகவைத்த மீனோ முட்டையோ சிறிதும் சேருங்கள். ஈரல் நல்லதென்று நாள்தோறும் போடாதீர்கள்; ஏ வைட்டமின் மிகுந்தாலும் பூனையின் கழுத்தெலும்பு இறுகிப்போகும். பின்னங்கால் தள்ளாடுவதைக் கண்டால் அடிபட்டிருக்கும் என்று வீட்டிலேயே எண்ணெய் தடவிக்கொண்டிராமல், அன்றே தீனியை மாற்றி மருத்துவரிடம் கொண்டு போங்கள். போகும்போது தீனிப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேலிருக்கும் தொகுதி எண்ணைக் கிழித்தெறிந்துவிட்டால், எந்தக் கப்பலில் எந்தச் சரக்கோடு வந்தது என்று பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.